வதரி நடைவழியும் திருப்பிரிதியின் இடமும்

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் முதல் திருமொழியில் திருமந்த்ரம் பெற்ற பேற்றை அநுபவித்துப் பேசுகிறார். இரண்டாம் திருமொழியில் இமயத்துத் திருப்பிரிதியையும், மூன்று, நான்காம் திருமொழிகளில் வதரியையும், ஐந்தில் ஸாளக்ராமத்தையும், ஆறில் நைமிசாரண்யத்தையும், ஏழில் சிங்கவேள்குன்றத்தையும் மங்களாசாஸனம் செய்தருளி, எட்டில் திருவேங்கடத்தை வந்து சேர்கிறார். வடக்கே தொடங்கித் தெற்கே இறங்குவதாக அமைந்த இந்த வைப்புமுறை பிரபந்தத்தை ஸேவிப்போர் யாவரும் அறிந்ததே. ஆயினும் இதன் தொடக்கத்திலேயே ஒரு முடிச்சு உண்டு. திருப்பிரிதி எது?

இன்று ஜோஷிமடம் என வழங்கும் ஊரே திருப்பிரிதி என்பது பெருவழக்கு. அங்கே பரமபுருஷனும் பரிமளவல்லி நாச்சியாரும் ஸேவை ஸாதிப்பதாகத் திவ்யதேச வைபவ நூல்கள் கூறும். இதை ஒவ்வாதாரும் உளர். ஆழ்வார் வடகோடியினின்று தொடங்கினார் என்றால் முதலாவது திவ்யதேசம் வதரிக்கும் வடக்கே இருக்கவேண்டும், ஜோஷிமடமோ வதரிக்குத் தெற்கே கீழே கிடக்கிறது, ஆகையால் பிரிதி என்பது பனிமலைக்கு அப்பால் மானஸ ஸரஸ்ஸின் பக்கத்தே இருந்து இக்காலத்தார்க்கு எட்டாமற்போன தலமே என்பது அவர்கள் வாதம். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால் இவ்வாதத்திற்கு வலிமை இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் ஆழ்வார்க்கும் ஆசார்யர்களுக்கும் வதரி வரைபடத்தின் புள்ளியாக இருந்ததன்று. ஒரு வழியின் முடிவாக இருந்தது. அந்த வழியை அறியாமல் இந்த முடிச்சை அவிழ்க்க முயல்வது வீண்.

அவ்வழி இப்போது பெரும்பகுதி அழிந்து வருகிறது. ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரத்தைப் பேருந்தில் ஒன்றிரண்டு நாட்களில் கடப்பவர்க்கு அதன் பெயர்களும் தெரியமாட்டா. ஆகவே அதன் வரலாற்றைச் சிறிது விரித்தே சொல்லவேண்டியிருக்கிறது.

வழியின் பழமைக்குச் சான்று தேவப்ரயாகையிலேயே கிடைக்கிறது. பாகீரதியும் அளகநந்தையும் கூடிக் கங்கை என்னும் பெயரைப் பெறும் அவ்விடத்தில், ரகுநாதன் ஸந்நிதிக்குப் பின்புறத்துப் பாறையில், பிராமி எழுத்தில் பல பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று கல்வெட்டறிஞர் கணித்துள்ளனர். பெரும்பாலும் வெறும் பெயர்கள். அரசனின் மெய்க்கீர்த்தியும் இல்லை, தானமும் இல்லை. வந்தவர்கள் தாம் வந்ததற்கு அடையாளமாகத் தத்தம் பெயரைப் பொறித்துச் சென்றிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள இடமில்லை. ஆழ்வார்கள் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கங்கையின் மேற்றுறைக்கு யாத்ரிகர் நடந்தனர் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டா.

இந்தத் தேவப்ரயாகையே பெரியாழ்வார் நான்காம் பத்து ஏழாம் திருமொழியில் பாடியருளிய கண்டமென்னும் கடிநகர். அத்திருமொழியின் முதற்பாசுரம் அரக்கியின் மூக்கையும் அவள் தமையனின் தலையையும் அறுத்த தாசரதியைச் சொல்லித் தொடங்குகிறது. அங்கே இன்றும் எழுந்தருளியிருப்பவன் ரகுநாதன். அதே திருமொழியில் பிறிதொரு பாசுரத்தில் எம்பெருமான் உகந்த இடங்களாக வடமதுரை, ஸாளக்ராமம், த்வாரகை, அயோத்தி முதலியவற்றை எண்ணிவரும்போது வதரியையும் சேர்த்து, அதை இடமகன்றது என்ற அடைமொழியால் சிறப்பிக்கிறார். குறுகிய பள்ளத்தாக்குகளின் வழியே நாட்கணக்கில் நடந்து, கடைசி ஏற்றம் முடிந்ததும் மலைகள் இருபுறமும் விலகி அகன்ற வெளி திடீரெனத் திறப்பதைக் கண்டவர்க்கு அந்த அடைமொழியின் பொருத்தம் விளங்கும். எம்பெருமானுக்கு இடமுடைமை என்பதற்கு வேறு ஸ்வாபதேசமும் சொல்லலாம். ஸ்தலத்தின் இயல்பும் அதற்கு இடங்கொடுக்கிறது என்பதே இங்கு வேண்டுவது.

வழி லக்ஷ்மண ஜூலாவில் தொடங்கும். முற்காலத்தில் அங்கே கயிற்றுப் பாலமே இருந்தது. கூடையில் அமர்த்தி யாத்ரிகரை இழுத்து அக்கரை சேர்த்தனர். ரிஷிகேசத்தில் காலீ கம்ளீவாலே எனப் பெயர்பெற்ற விசுத்தாநந்த ஸ்வாமியின் தூண்டுதலால் ஸூரஜ்மல் ஜுன்ஜுன்வாலா என்னும் கல்கத்தா வணிகர் 1889இல் இரும்புக் கம்பிப் பாலம் கட்டுவித்தார். அது 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் போயிற்று. இப்போதுள்ள பாலம் 1930இல் திறக்கப்பட்டது. கறுப்புக் கம்பளி ஒன்றே உடைமையாகக் கொண்டிருந்த அந்த ஸந்யாஸி நிறுவிய க்ஷேத்ரத்தின் தர்மசாலைகள் வழிநெடுக எழுந்தன. ஸம்ப்ரதாயத்தால் வேறுபட்டவரே எனினும் தென்னாட்டு ஸ்ரீவைஷ்ணவ யாத்ரிகர் பலரும் அவர் ஏற்படுத்திய கூரைகளின் கீழ் உறங்கி எழுந்தே வதரி சேர்ந்தனர் என்பதை மறைப்பது நன்றியன்று.

பாலத்தைக் கடந்தபின் நடைவழி கங்கையின் கீழ்க்கரையைப் பற்றிச் செல்லும். கருட சட்டி, பூல் சட்டி, மோஹன் சட்டி என்று சட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மோஹன் சட்டிக்குப்பின் ஆற்றைவிட்டு விலகிக் காடடர்ந்த முகட்டின்மேல் பிஜ்னிக்கு ஏறவேண்டும். புதிதாக நடக்கத் தொடங்கியவரின் கால்களுக்கு முதற்சோதனை அது. மீண்டும் இறங்கி, பந்தர் சட்டி, மஹாதேவ சட்டி, காண்டி கடந்து, நயார் நதி கங்கையில் கலக்கும் வ்யாஸ காட்டைத் தாண்டினால் தேவப்ரயாகை. வாகனச் சாலை மேற்குக்கரையில் போடப்பட்டமையால் இந்தப் பகுதி மட்டும் இடிபடாமல் தப்பியது. பயன்படுவாரின்றிப் புதர் மூடிக் கிடந்தது. 2018இல் உத்தராகண்ட மாநிலப் பேரிடர் மீட்புப் படையினர் பழைய நடைவழியைத் தேடி நடந்தபோதுதான் பலர்க்கு அது நினைவுக்கு வந்தது.

சட்டி என்பதன் முறையையும் சொல்லவேண்டும். சில மைல்களுக்கு ஒன்றாக, புல்வேய்ந்த நீண்ட கொட்டகை. அதன் ஒரு மூலையில் கடை. கடைக்காரனிடம் அரிசி, கோதுமைமா, பருப்பு, நெய், விறகு வாங்குவோர்க்குத் தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் கூலியின்றிக் கிடைக்கும். வேறு வாடகை இல்லை. ஸ்வயம்பாக நியமம் உடையவர்க்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு காண்பது அரிது. பிறர் சமைத்ததை உண்ணாதவர்கள் நாட்கணக்கில் மலைமேல் எவ்வாறு சென்றனர் என்று இக்காலத்தார் வியப்பதுண்டு. தங்கள் பாத்திரத்தை மட்டும் சுமந்துகொண்டு, நீர் தாமே முகந்து, தளிகை செய்து, எம்பெருமானுக்கு அமுது செய்வித்து உண்டு சென்றனர். நடக்க வலியற்றவர்க்குக் காண்டீ என்ற கூடை உண்டு. ஒரே ஆள் முதுகில் சுமப்பான். செல்வர்க்கு நால்வர் தோளில் எடுக்கும் டாண்டீ.

பாதை அகன்றதும் சீர்ப்பட்டதும் பிற்காலத்தில். 1804 முதல் 1815 வரை கர்வாலைக் கூர்க்கர் ஆண்டனர். அதன்பின் ஆங்கிலேயர் நாட்டைப் பிரித்து அளகநந்தைக்குக் கிழக்கைத் தாம் வைத்துக்கொண்டு, மேற்கைத் தேஹ்ரி அரசர்க்கு விட்டனர். யாத்ரிகர்க்கு அன்னமிடுவதற்கென்று ஸதாவர்த்தமாக முன்னரே விடப்பட்டிருந்த கிராமங்களின் வருவாய் அப்போது சிதறிக் கிடந்தது. குமாவூன் ஆணையர் டிரெயில் 1820களின் பிற்பகுதியில் அவ்வருவாயைக் கொண்டே யாத்திரைச் சாலையை வெட்டுவித்தார். அன்னதானத்துக்கு விட்ட நிலத்தின் பணத்தைப் பாதைக்குத் திருப்பியது தர்மமா என்று கேட்பார் கேட்கலாம். அதுவரை விளிம்பில் தொங்கும் பலகைகளின்மீதும் கயிறுகளின்மீதும் உயிரைப் பணயம்வைத்து நடந்தவர்கள் அக்கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

தேவப்ரயாகைக்குமேல் ஸ்ரீநகரம், ருத்ரப்ரயாகை. ஸ்ரீநகரம் கர்வால் அரசரின் பழைய தலைநகர். அளகநந்தையின் கிளையாகிய பிரேஹீ கங்கையில் 1893 செப்டம்பரில் ஒரு மலையே சரிந்து விழுந்து ஆற்றை அடைத்தது; கோஹ்னா என்னும் பெரிய ஏரி உண்டாயிற்று. அது ஒருநாள் உடையும் என்று கணித்த பொறியாளர்கள் பள்ளத்தாக்கு நெடுகத் தந்திக்கம்பி இழுத்து, நீர் எட்டும் உயரத்தைக் கல்நட்டுக் குறித்து, யாத்ரிகரைக் கரைவழியினின்று மேலே திருப்பினர். 1894 ஆகஸ்டு 25ஆம் தேதி இரவு ஏரி உடைந்தது. பழைய ஸ்ரீநகரம் அடியோடு போயிற்று. ஆனால் எச்சரிக்கையை மதியாது தங்கிய ஒரு பக்கீரின் குடும்பத்தார் ஐவரைத் தவிர மாண்டவர் இல்லை. தந்தி ஒன்றே கருவியாக இருந்த காலத்தில் இது நடந்தது என்பதைப் பின்னர் வந்த வெள்ளங்களோடு ஒப்பிடுவோர் மனம் நோவர்.

ருத்ரப்ரயாகையில் வழி பிரியும். நேரே செல்வோர் கர்ணப்ரயாகை, நந்தப்ரயாகை வழியாகச் சமோலி சேர்வர். கேதாரம் ஸேவிக்க விரும்புவோர் மந்தாகினியைப் பற்றி மேலே சென்று, திரும்பி ஊகீமடத்திலிருந்து சோப்தா, மண்டல், கோபேச்வரம் வழியாகச் சமோலியில் வந்து கூடுவர். 1918 முதல் 1926 வரை இவ்வழிகளில் ஒரு சிறுத்தை 125 மனிதரைக் கொன்றது. ஜிம் கார்பெட் 1926 மே மாதம் ருத்ரப்ரயாகையை அடுத்த குலாப்ராய்ச் சட்டியருகே அதைச் சுட்டார். அந்த எட்டாண்டுகளிலும் யாத்திரை நிற்கவில்லை. கதவில்லாத கொட்டகைகளில் இரவைக் கழித்தவாறே ஜனங்கள் நடந்தனர்.

சோப்தாவுக்கும் மண்டலுக்கும் இடைப்பட்ட காடு இவ்வழி முழுவதிலும் அடர்ந்தது. கருவாலியும் தேவதாருவும் வானை மறைக்கும். வசந்தத்தில் புராம்ச் என்று அந்நாட்டார் சொல்லும் மரம் இலை தெரியாமல் செந்நிறமாகப் பூத்து நிற்கும். 1973இல் மரம்வெட்ட வந்தவரை எதிர்த்து மரத்தைத் தழுவி நிற்போம் என்று மலைவாழ் மக்கள் முதன்முதல் நின்றது இந்த மண்டல் காட்டில்தான். அடுத்த ஆண்டு மார்ச்சு 26ஆம் தேதி ஜோஷிமடத்துக்கு மேலுள்ள ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் அவ்வூர்ப் பெண்டிரும் அவ்வாறே நின்றனர். யாத்ரிகர் நடந்து பழகிய நிழல் அது என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

சமோலிக்குமேல் பீபல்கோட்டி, கருடகங்கை, பாதாளகங்கை, ஹேலங். பின் கடும் ஏற்றமாக ஜோஷிமடம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் சரிவின்மேல் அமைந்த ஊர். நரஸிம்ஹன் ஸந்நிதியும் வாஸுதேவன் ஸந்நிதியும் இங்குள்ளன. இங்கிருந்து செங்குத்தாக இறங்கினால் தௌளிகங்கை கலக்கும் விஷ்ணுப்ரயாகை. அதன்பின் பாண்டுகேச்வரம், ஹனுமான் சட்டி; கடைசி ஏற்றம் முடிந்தால் 3,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வதரி.

இவ்வாறு வழியை நடந்து பார்த்தால், சமவெளியிலிருந்து செல்பவன் திருப்பிரிதியை முதலிலும் வதரியை அடுத்தும் ஸேவிப்பதே இயல்பு என்பது வெளிப்படை. வதரியை முன்னே பாடிப் பிரிதியைப் பின்னே பாடியிருந்தால்தான் ஜோஷிமடத்தை மறுக்க நியாயம் உண்டாகும். தெற்கே இறங்கும் முறை வதரியிலிருந்துதான் தொடங்குகிறது; அதுவரை உள்ளது ஏறும் முறை. ஏறியவனே இறங்கக்கூடும்.

இதற்கு ஒரு தடை சொல்லலாம். ஏறும் முறையே கருத்தானால் வழியில் முதலில் வரும் கண்டத்தை ஆழ்வார் ஏன் பாடவில்லை? இத்தடை உண்மையானதே. திருமொழிகளின் வரிசையை நாட்குறிப்பாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு இதுவே காரணமும் ஆகும். பெரியாழ்வார் பத்துப் பாசுரங்களால் நிறைத்துவைத்த கண்டத்தை இவர் விட்டார்; பெரியாழ்வார் பெயரளவில் சொல்லி நிறுத்திய வதரிக்கு இவர் இரண்டு திருமொழிகள் அருளினார். ஆழ்வார்கள் ஏககண்டர் என்று கொள்ளும் மரபில் இதைக் குறையென்று சொல்ல இடமில்லை. வரிசையினின்று கொள்ளத்தக்கது இவ்வளவே: பிரிதியும் வதரியும் அடுத்தடுத்துள்ள இரு நிலைகள், முன்னது பின்னதற்கு வாயில்.

அவ்விரண்டும் ஒன்றையொன்று விடாத இணை என்பதற்குத் தலத்து வழக்கமே சான்று. அக்ஷய த்ருதீயையை ஒட்டித் திறக்கும் வதரி ஸந்நிதி ஐப்பசி கார்த்திகையில் பனிக்காக அடைக்கப்படும். அப்போது உத்தவர் முதலிய உத்ஸவ மூர்த்திகள் பாண்டுகேச்வரத்துக்கு எழுந்தருள, சங்கரரின் ஆஸனம் ஜோஷிமடத்து நரஸிம்ஹன் ஸந்நிதிக்கு வரும். ஆண்டில் பாதிநாள் வதரியின் ஆராதனம் கீழுள்ள இவ்விடங்களில்தான். அர்ச்சகராகிய ராவல் மலையாள நாட்டு நம்பூதிரி. 1776 முதல் இவ்வழக்கம் தொடர்கிறது. பாண்டுகேச்வரத்தில் பாதுகாக்கப்பட்டுவந்த கார்த்திகேயபுரத்து அரசரின் செப்பேடுகள் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் பதரிகாச்ரமத்தின் பெயர் காணப்படுகிறது. திருமங்கையாழ்வார் காலத்தை ஒட்டியே இத்தலத்துக்கு அரசர் நிலம்விட்டனர், அங்குத் தபஸ்விகளும் ஆராதனமும் இருந்தனர் என்பது இதனால் தேறும். மானஸ ஸரஸ்ஸின் பக்கத்தே பிரிதியை வைப்பவர்க்கு இத்தகைய சான்று ஏதுமில்லை.

இனி, பாசுரங்களுள் வரும் மலைவர்ணனை. திருப்பிரிதித் திருமொழியில், களிறு மூங்கிலின் இளமுளையைத் தேனில் தோய்த்துத் தன் பிடிக்கு ஊட்டுகிறது. மேகமுழக்கத்தைக் களிற்றின் பிளிறல் என்று மயங்கிய பெரும்பாம்பு மலை பெயர்ந்தாற்போல நகர்கிறது. சுனைக்கரையில் மயில் ஆடுகிறது. அசோகின் செந்நிறப் பூக்களை நெருப்பென்று வண்டுகள் அஞ்சுகின்றன. ஜோஷிமடத்தின் உயரத்தில் யானையேது, மயிலேது என்று கேட்டு, இதனாலும் அவ்வூர் பிரிதியன்று என்பார் உண்டு. அப்படியாயின் மரமே அரிதான மானஸ ஸரஸ்ஸின் கரையில் மூங்கிலும் களிறும் எங்கிருந்து வரும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. களிறும் மயிலும் மூங்கிலும் ஹரித்வாரம், ரிஷிகேசத்தை ஒட்டிய அடிவாரக் காடுகளில் இன்றும் உண்டு. நெருப்பெனத் தோன்றும் செம்பூ மேலே ஏற ஏறப் புராம்சாகக் கண்ணிற்படும். ஆழ்வார் வர்ணித்தது ஒரு ஸந்நிதியின் சுற்றுப்புறத்தை மட்டுமன்று, இமயத்தையே. வாயிலிலிருந்து ஸந்நிதிவரை உள்ள மலை முழுவதும் பிரிதிக்குச் சோலையாகிறது. மிளகுக்கொடி படர்வதாக வருவது மட்டும் தென்னாட்டு மலையின் மணம். குறிஞ்சியைப் பாடும் தமிழ்ப்புலமை தன் கொடியையும் உடன் கொண்டுசென்றது என்று கொள்வதில் பிழையில்லை. இதைக்கொண்டு ஆழ்வார் ஆடல்மா ஏறிச்சென்றாரா, நடந்து சென்றாரா, ஞானத்தால் கண்டாரா என்று தீர்ப்புச் சொல்லப் புகுவது அதிகப்பிரஸங்கம்.

வதரியைப் பற்றிய முதல் திருமொழி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. உடல் கூனிக் கோலை ஊன்றி, இருமி, கண்குழிந்து, சொல் குழறி, இளைஞர் நகைக்கும் நிலை வருமுன்னமே வதரியை வணங்குவோம் என்று நெஞ்சை அழைக்கிறார். மூப்பை இவ்வளவு நுணுக்கமாக வேறெத்தலத்துக்கும் பாடவில்லை. வைராக்யம் பிறப்பதற்காகச் சொன்னது என்பது பொதுப்பொருள். அது எத்தலத்துக்கும் பொருந்தும். வதரிக்கே உரிய காரணம் என்ன? நடைவழி அறிந்தவர்க்குப் பொருள் வெளிப்படை. பிஜ்னி ஏற்றத்தையும் ஹேலங்கின் ஏற்றத்தையும் கோலூன்றிய கிழவன் ஏறமாட்டான். திருவரங்கத்துக்கு மூத்தபின்னும் போகலாம், வதரிக்குப் போகமுடியாது. காலில் வலிமை உள்ளபோதே புறப்படு என்ற நேர்ப்பொருளின்மேல்தான் ஏனைய பொருள்கள் நிற்கின்றன.

இந்நேர்ப்பொருளுக்குச் சாலை ஒரு சங்கடத்தை உண்டாக்கிற்று. 1960இல் எல்லைச் சாலை அமைப்பு தோன்றியது. 1962இல் சீனருடன் நடந்த போருக்குப்பின் பாறைகளை வெடிவைத்துப் பிளந்து மேலே மேலே சாலை சென்றது. அப்பத்தாண்டு முடிவதற்குள் பேருந்து வதரியை எட்டியது. சட்டிகள் ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. இன்று கூனிக் கோலூன்றியவர்களே மிகுதியாக வதரிக்குச் செல்கின்றனர், ஹெலிகாப்டரிலும் செல்கின்றனர். நடக்க இயலாத பக்தர்க்கு எம்பெருமான் எளியனானான் என்று மகிழ்வதா, பாசுரத்தின் நிலைக்களம் போயிற்று என்று வருந்துவதா? ஸௌலப்யத்தைப் பரக்கப்பேசும் ஸம்ப்ரதாயத்தார் முதியவரைத் தடுக்க வாயெடுக்கமாட்டார்கள். ஆனால் முன்பு வதரி தரிசனம் என்றது பல வாரங்கள் நீண்ட ஒரு கைங்கர்யம் என்பதும், இப்போது அது ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது என்பதும் உண்மை.

முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்தது இங்கே நினைக்கத்தகும். வதரியில் எம்பெருமான் தானே நாராயணனாய் நின்று ஆசார்யனும், நரனாய் நின்று சிஷ்யனுமாகித் திருமந்த்ரத்தை வெளியிட்டான். ஆசார்யனாய் நின்றது ஸர்வஜ்ஞனுக்குத் தகும். சிஷ்யனாய் நிற்பானேன் என்ற கேள்விக்கு, சிஷ்யன் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை உலகத்தார் அறியாமையால் அதை அறிவிக்கவே என்று விடையும் அருளினார். அவ்விருப்பின் ஒரு பகுதி வழிநடை. உடையவர் வடநாட்டுத் திக்விஜயத்தில் வதரியை எழுந்தருளி ஸேவித்ததைக் குருபரம்பரைகள் கூறும்; மத்வாசார்யர் வதரி சென்று வ்யாஸரைக் கண்டதை ஸுமத்வவிஜயம் பாடும். மதங்களால் மாறுபட்டவரும் அந்த வழியில் ஒரே தூசியை மிதித்தனர்.

சாலை மலையையும் வருத்தியது. 1970 ஜூலையில் அளகநந்தை பெருகி பேலாகூசி என்ற ஊரை வாகனங்களோடு வாரிச்சென்றது. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதாரத்தை அழித்த அதே மழை வதரி வழியில் கோவிந்த காட்டையும் லாம்பகட்டையும் தகர்த்தது. 2021 பிப்ரவரி 7ஆம் தேதி ரிஷிகங்கையின் வெள்ளம் தபோவனத்து அணைப்பணியில் இருந்தவர்களை மூழ்கடித்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமடமே வாய் பிளந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் வெடித்து மக்கள் வெளியேறினர். அவ்வூர் பழைய நிலச்சரிவின் குவியல்மேல் அமர்ந்திருக்கிறது, அங்கே பாறைகளைப் பெயர்க்கவோ வெடிவைக்கவோ மரம் வெட்டவோ கூடாது என்று மிஸ்ரா குழு 1976இலேயே எழுதிவைத்தது.

ஜோஷிமடத்து நரஸிம்ஹனின் ஒரு திருக்கை ஆண்டுதோறும் மெலிந்து வருவதாகவும், அது முறியும் நாளில் ஜய விஜய மலைகள் சரிந்து வதரிக்கு வழி அடைபடும் என்றும், அதன்பின் தபோவனத்துக்கு மேலுள்ள பவிஷ்யபதரியிலேயே எம்பெருமான் ஸேவை ஸாதிப்பான் என்றும் அந்நாட்டார் தொன்றுதொட்டுச் சொல்லிவருகின்றனர். புவியியலார் சொல்லும் காரணமும் பாட்டிமார் சொல்லும் காரணமும் வேறு. வழி அடைபடும் என்ற அச்சம் ஒன்றே.

தேவப்ரயாகையில் வாழும் பண்டாக்கள் தம் முன்னோர் தென்னாட்டினின்று வந்தவர் என்று கூறிக்கொள்வர். வதரி யாத்ரிகரின் ஊர், குலம், வந்த ஆண்டு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த பஹீ ஏடுகள் அவர்கள் வீடுகளில் உள்ளன. தமிழ்நாட்டு திவ்யதேசங்களிலிருந்து நடந்துசென்ற குடும்பங்களைப் பற்றிய குறிப்புகளை அவற்றிலிருந்து படியெடுக்க யாரேனும் முன்வந்தால், எந்தெந்தத் திருமாளிகையினர் எந்த ஆண்டில் எந்தச் சட்டி வழியாகச் சென்றனர் என்பதைக் கூட நிச்சயிக்கலாம். காகிதம் நெடுநாள் தாங்காது. லக்ஷ்மண ஜூலா முதல் தேவப்ரயாகைவரை கீழ்க்கரையில் எஞ்சியுள்ள பாதையும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிது சிறிதாக ஆற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறது.